சேவியர் நிரப்பிய தோட்டா

சனிக்கிழமைச் சோதனையில் பொன்னுதுரை அண்ணாச்சி தேறிவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் அதையே கேட்டு என் உயிரை வாங்குவீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அண்ணாச்சி ஏட்டு. ஒரு நீதிபதி அம்மாவுக்குப் பாதுகாப்பாகத் துப்பாக்கியோடு கூடவே போகிற கன்மேன். கன்மேன்கள் எல்லோரிடமும் பழைய பெரிய பிஸ்டலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்குகிற குட்டிப் பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் சுட்டுத் தேறினால்தான் கன்மேன் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பிஸ்டலை ஒப்படைத்துவிட்டு ஆபீஸில் உட்கார்ந்து தபால் பிரிக்க வேண்டியதுதான்.

"இடுப்புல கனம் இல்லாம எனக்கு நடக்கவே வராதுடே, மாசானம்," என்றார் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மாசானம் நான்தான். குன்றடியில் இருக்கிற எங்கள் துப்பாக்கித் தளத்தில் இலக்கு அட்டை மாட்டுவது, ஓட்டைக்குத் தாள் ஒட்டுவது என் வேலை. யார் எங்கே சுட்டார் என்பது அவர் பெண்டாட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சொல்லிக்கொடுப்பவர் செண்பகவடிவு இன்ஸ்பெக்டர். அண்ணாச்சியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்கும் டீச்சர்தான், எங்களுக்கும் டீச்சர்தான். அதிகம் பேச மாட்டார். சுட்டு முடித்தால் "ம்" என்பார். அது பாராட்டா திட்டா என்று புரிவதற்குள் நமக்கு நரைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி மூன்று டப்பா தோட்டாவோடு வந்து நின்றார்.

"என்ன ஏட்டையா, கடை விரிக்கப் போறீங்களா?" என்றார் டீச்சர்.

"பிஸ்டல் குட்டி, டீச்சர். இதுக்குத் தோதான தோட்டா எதுன்னு பாக்கணும். நாளைக்கு அதையே கேட்டு வாங்கிக்கிடுவேன்."

"ம். சுடுங்க."

செம்பு முனைத் தோட்டாவை முதலில் போட்டார். எல்லாம் அட்டையின் கீழே, இடது ஓரத்தில் போய் இறங்கின. நான் தாள் ஒட்டினேன்.

ஈய முனை கொஞ்சம் கனம். அதையும் போட்டார். அதே கீழ், அதே இடது.

மூன்றாவது டப்பா கிடங்கில் கிடந்த பழைய இருப்பு. அண்ணாச்சி அதை முகர்ந்துகூடப் பார்த்தார். "இதுதான் டீச்சர், அந்தக் காலத்து வாசம்," என்று ஆசையாகச் சொல்லிவிட்டுச் சுட்டார். அட்டையின் இடது மூலை கிழிந்து தொங்கியது. கறுப்பு வட்டம் கன்னி கழியாமல் அப்படியே இருந்தது.

பிஸ்டலை மேசையில் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுவும் இல்ல," என்றார். "அப்ப நாங்க சுட்டது வேற தோட்டா. அது கையில உக்காந்த மாதிரி இருக்கும் டீச்சர். நெனச்ச எடத்துல போய் விழும். நானும் சேவியரும் நின்னா வேடிக்கை பாக்கக் கூட்டம் கூடும்."

"அது என்ன தோட்டா?"

"அதான்... அந்தப் பழைய தோட்டா."

"செம்பா, ஈயமா?"

அண்ணாச்சி மூன்று டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டப்பா என்ன நெறம்?"

"தெரியலியே டீச்சர்."

"அத்தனை வருசம் சுட்டிருக்கீங்க."

"சேவியர்லா நிரப்புவான்," என்றார் அண்ணாச்சி.

இந்த இடத்தில் எங்கள் தளத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே சுடுகிறவர், தோட்டா அடுக்குகிற தன் மேகசினைத் தானே நிரப்புவதில்லை. ஜோடிக்காரர் நிரப்பித் தருவார். பழகும்போது நடுவில் எங்காவது ஒரு டம்மியைச் செருகி வைப்பார். டம்மி என்றால் மருந்தில்லாத தோட்டா. விசையை இழுத்தால் டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கப் போகிறதே என்று கை முன்கூட்டியே கூசினால், அந்த டொக்கில் பிஸ்டலின் மூக்கு குனிந்து மானத்தை வாங்கிவிடும். மூக்கு குனிந்தால் சுட்டவர் டீ வாங்க வேண்டும். குனியாவிட்டால் ஜோடி வாங்க வேண்டும்.

அண்ணாச்சியின் ஜோடி சேவியர் அண்ணன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். போன ஆவணியில் சேவியர் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அண்ணாச்சி தன் மேகசினை யார் கையிலும் தரவில்லை. நானே ஒருமுறை கையை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கழுதப்பய," என்றார் அண்ணாச்சி, சிரித்துக்கொண்டே. "டம்மிய முதல்ல வச்சிருப்பான், கடைசில வச்சிருப்பான், சில நாள் வைக்கவே மாட்டான். டொக்குன்னு விழும். என் கை அசையாது. 'போவே, ஒங்கூட நின்னே என் சம்பளமெல்லாம் டீக்கடைக்குப் போச்சு'ன்னு மண்ணுல தொப்பியத் தூக்கி எறிவான். இந்தா, இந்த எடத்துலதான். டீயக் கையில வாங்கினப்புறம் பாதிய அவனே குடிச்சிருவான். எச்சி டீதான் டீச்சர் எனக்குக் கெடைச்சதெல்லாம்."

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. குன்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். சேவியர் அண்ணன் தொப்பி எறிவதை நானும் பார்த்தவன்தானே.

டீச்சர் கையை நீட்டினார்.

"மேகசினத் தாங்க."

"நானே நிரப்பிக்கிடுதேன் டீச்சர்."

கை நீட்டியபடியே இருந்தது.

அண்ணாச்சி மேகசினைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரிக் கொடுத்தார்.

டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். டீச்சர் இன்னும் திரும்பிக்கொண்டார்.

முதல் தோட்டாவே டொக்.

பிஸ்டலின் மூக்கு கீழே, இடது பக்கம், சட்டென்று குனிந்தது. வெடிக்காத தோட்டாவுக்கு அந்தக் குனிவு. நான் அட்டையைப் பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஐயய்யோ," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "என் கையா இது?"

"டீ உங்க கணக்கு," என்றார் டீச்சர்.

"இதுல இன்னும் எத்தனை டம்மி டீச்சர்?"

டீச்சர் மேகசினைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுபடி நிரப்பினார். மறுபடி டொக், மறுபடி குனிவு. அப்புறமும் நிரப்பினார். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் டீச்சரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் "போதும்" என்று சொல்வார் என்று நினைத்தேன். அந்த அம்மா அசையவில்லை.

ஒரு தடவை டீச்சர் நிரப்பும்போது அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. குன்றைப் பார்த்து நின்றபடியே கையைப் பின்னால் நீட்டினார். அந்தக் காலத்தில் சேவியர் அண்ணனிடம் அப்படித்தான் நீட்டுவார். டீச்சர் அந்த உள்ளங்கையில் மேகசினை வைத்தார்.

நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். மூன்று டப்பாவிலிருந்தும் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டிருந்தார்.

அண்ணாச்சி சுட்டார். கறுப்பு வட்டத்தில் ஓட்டை. இன்னொன்று, அதற்குப் பக்கத்திலேயே. அப்புறம் டொக்.

மூக்கு அசையவில்லை. ஒரு இம்மிகூட அசையவில்லை.

அண்ணாச்சி திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டீச்சர், டீ உங்க கணக்கு," என்றார்.

"ம்," என்றார் டீச்சர். இந்த "ம்" எனக்கே புரிந்தது.

டீ வந்தது. அண்ணாச்சி பாதி குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் டம்ளரைப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் யாரும் இல்லை. தானே மீதியையும் குடித்தார். பிறகு கேட்டார்.

"கடைசியாப் போட்டீங்களே, அது எந்தத் தோட்டா டீச்சர்? நாளைக்குச் சோதனைக்கு அதையே வாங்கிக்கிடுதேன்."

"சேவியர்கிட்ட என்னைக்காவது இதக் கேட்டிருக்கீங்களா?"

அண்ணாச்சி காலி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நான் அட்டை மாட்டிவிட்டுத் திரும்புகிறேன், அண்ணாச்சி சுடும் கோட்டில் நிற்கிறார். சோதனை என்பதால் டம்மி கிடையாது. மற்றவர்கள் எல்லாம் டப்பாவைப் புரட்டி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவர் இலக்கைப் பார்த்தபடி, காலி மேகசினைப் பின்னால் நீட்டினார். பின்னால் நின்றது நான்.

நான் வாங்கிக்கொண்டு டப்பாக்களைப் பார்த்தேன். மனுசனின் வேலையே இதில் இருக்கிறதே.

"அண்ணாச்சி, எந்தத் தோட்டா போட?" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை.

"அத ஏம்ல எங்கிட்ட கேக்க?"