எலி தின்ற மூன்று ஏடுகள்

மலையடிவாரத்துக் கன்னியர் மடம் ஒன்றில் ரிக்கில்டா என்ற துறவி நூலறையைப் பார்த்துக்கொண்டார். வயது முப்பத்துநான்கு. அவரிடம் இலத்தீன் படிக்க வந்த கிஸ்லாவுக்கு ஐம்பத்தொன்பது. கணவர் இறந்த பிறகு ரொட்டிக் கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர். குருவும் சீடரும் ஒருவரையொருவர் “அம்மா” என்றே அழைத்துக்கொண்டார்கள்.

நூலறையில் ஒரு காவியம் இருந்தது. ஏதோ ஒரு நகரத்தின் முற்றுகையைப் பாடும் இலத்தீன் காவியம். கடைசி மூன்று ஏடுகள் இல்லை. வரிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும், முன்பு மடத்தில் வாழ்ந்த சகோதரிகள் பொடி எழுத்தில் குறிப்புகள் எழுதியிருந்தார்கள்.

“இந்தச் சொல்லுக்குக் குதிரை என்று பொருள்.”

“கவிஞர் இந்த ஆற்றைக் கடல் என்கிறார். நான் கடந்திருக்கிறேன். முழங்கால் தண்ணீர்.”

மிஞ்சிய கடைசி ஏட்டின் அடியில் ஒருவர் எழுதியிருந்தார்: “மிச்சத்தை எலி தின்றுவிட்டது. நான் துடைப்பத்தோடு வருவதற்குள் ஓடிவிட்டது.”

இந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் கிஸ்லா இலத்தீனுக்குள் நடந்தார். இரண்டு ஆண்டுகளில் முதல் காண்டம் முடிந்திருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஆயரிடமிருந்து கடிதம் வந்தது. ஏடுகள் தொலைந்த குறைநூல்களை வைத்திருக்க வேண்டாம். அவற்றின் தோல் ஏடுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஜெபப் புத்தகங்கள் எழுதிக்கொள்ளலாம். எவை எவை என்று பார்க்கத் தியட்மார் என்ற குருவானவர் வருகிறார்.

கிஸ்லா ரிக்கில்டாவைத் தேடி நூலறைக்கு வந்தார்.

“அம்மா, உங்களுக்குக் கவிதை எழுத வரும். மூன்று ஏடு எழுதிச் சேர்த்துவிடுங்கள். முழுநூல் ஆகிவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்படியென்றால் சுரண்டிவிடுவார்கள். முடிவு இல்லாத புத்தகத்தால் என்ன பயன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?”

ரிக்கில்டா காவியத்தைக் கையில் எடுத்தார்.

“அவர் சாப்பிடும்போது வாசித்துக் காட்டுகிறேன்” என்றார்.

தியட்மார் வந்தார். நல்ல உயரம், நல்ல பசி. கையில் சுரண்ட வேண்டிய நூல்களின் பட்டியல். மதியச் சாப்பாட்டில் எல்லாரும் அமர்ந்ததும் ரிக்கில்டா எழுந்து கடைசிக் காண்டத்தை வாசிக்கத் தொடங்கினார். சகோதரிகளில் பாதிப்பேருக்கு இலத்தீன் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் ஊர்ப்பேச்சிலும் சொன்னார். குறிப்புகளையும் விடவில்லை.

“பொன்வாயில் நகரின் மதில்மேல் மழை பொழிந்தது” என்று வாசித்தார். “இங்கே ஓரத்தில் ஒரு குறிப்பு. கவிஞர்தான் பொன்வாயில் என்கிறார். ஊர்க்காரர்கள் கிரான்வால் என்பார்கள்.”

சூப் ஊற்றிக்கொண்டிருந்த கிஸ்லாவின் கரண்டி நின்றது.

ரிக்கில்டா தொடர்ந்தார். கோட்டைக்குள்ளிருந்து கோமகன் எர்ம்போ இறங்கி வந்தான். எதிரே முற்றுகையிட்ட படையின் தலைவன் லோத்தன். இருவரில் ஒருவர் விழுந்தால் போர் முடியும். குதிரைகள் பாய்ந்தன. எர்ம்போ வாளை ஓங்கினான்.

ரிக்கில்டா புத்தகத்தை மூடினார்.

தியட்மாரின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் இருந்தது.

“ம். அப்புறம்?”

“அப்புறம் எலி, ஐயா.”

“எலியா? யார் விழுந்தது? அதைச் சொல்லுங்கள்!”

கூடத்தில் சத்தம் எழுந்தது. எர்ம்போதான் வென்றிருப்பான் என்றார் தோட்டத்துச் சகோதரி. வாளை முதலில் ஓங்குகிறவன் தோற்பான் என்றார் சமையல்காரி. தியட்மார் மேசையைத் தட்டி லோத்தனுக்காக வாதாடினார்.

“இரண்டு பேரும் விழுந்தார்கள்” என்றார் கிஸ்லா.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகம் சிவந்திருந்தது.

“நான் கிரான்வாலில் பிறந்தவள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவோடு மதில்மேல் நின்றேன். மூன்று நாள் மழை. கீழே வெறும் சேறு. குதிரைகள் வழுக்கின. இரண்டு பேரும் கவசத்தோடு தொப்பென்று விழுந்தார்கள். எழ முடியவில்லை. கவிழ்ந்த ஆமை மாதிரி கையைக் காலை ஆட்டினார்கள்.”

“கடவுளே!” என்றார் தியட்மார்.

“இரண்டு பக்கமும் கயிறு கொண்டுவந்தார்கள். இழுக்க வந்தவர்களும் விழுந்தார்கள். முதலில் சிரித்தது என் அம்மாதான். எனக்குப் பயமாக இருந்தது, யாராவது அம்பு விட்டுவிடுவார்களோ என்று. ஆனால் வெளியே நின்ற படையும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா ஒரு கூடை ரொட்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். எங்களிடம் இருந்ததே அவ்வளவுதான். எதிரிகள் அதைத் தின்றுவிட்டு, கூடையில் உப்புக்கண்டம் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முற்றுகை விலகியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.”

தியட்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சூப் ஆறிப்போயிருந்தது.

“அந்தக் கவசத்தை எப்படிக் கழற்றினார்கள்?”

“சுத்தியலால், ஐயா.”

அவர் பட்டியலை எடுத்தார். காவியத்தின் பெயரை ஒரு கோட்டால் அடித்தார்.

மறுநாள் அவர் குதிரை ஏறிப் போனதும், ரிக்கில்டா மையும் இறகும் கொண்டுவந்து வைத்தார். கடைசி ஏட்டைத் திறந்து ஓரத்தைக் காட்டினார்.

“நேற்றுச் சொன்னதை எழுதுங்கள், அம்மா.”

“ஓரத்திலா? புது ஏட்டில், கவிதைக்கு அடுத்து வர வேண்டாமா?”

“அது கவிஞருடைய இடம்.”

“என் இலத்தீனில் பிழை வருமே.”

“வரட்டும். பிறகு வருகிறவள் பக்கத்தில் திருத்தி எழுதுவாள்.”

கிஸ்லா இறகை மையில் தோய்த்தார். முகத்தில் சிரிப்பு. ஓரத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் அளந்து பார்த்தார்.

“நுணுக்கி எழுதினால் எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். அதோடு காவியம் முடிந்துவிடும், இல்லையா அம்மா?”

“பாதி ஓரத்தை விட்டுவையுங்கள்” என்றார் ரிக்கில்டா. “அன்றைக்கு மதிலுக்கு வெளியே நின்றவர் யாராவது வரக்கூடும்.”