மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி

ராஜா கதையும் நரிக் கதையும் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும், சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சு. இன்றைக்கு ஒரு புத்தகம் வாசித்தவளின் கதை. இல்லை, வாசிக்காமல் விட்டவளின் கதை என்றுதான் சொல்ல வேண்டும். சிரிப்பு வருகிற கதை இல்லை இது, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரயிலும் தபாலும் வருவதற்கு ரொம்பக் காலம் முந்தி, செம்மணல் தேரிக்குத் தெற்கே, பனங்காட்டுக்கு நடுவில் நல்லூற்று என்று ஓர் ஊர் இருந்தது. முப்பது வீடு, ஓலை வேய்ந்த ஒரு கிறிஸ்தவக் கோயில், கோயிலுக்குள் ஒரே ஒரு வேதப் புத்தகம். அதை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். அவள் பெயர் ஞானவடிவு. தாய் செத்த வீட்டில் தங்கை கிருபையை இடுப்பில் தூக்கி வளர்த்தவளும் அவள்தான்.

ஊருக்கு வேதத்தைக் கொண்டுவந்த பழைய உபதேசியார் சாகும்போது சபைக்கு ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போனார். "யார் வந்து பிரசங்கம் பண்ணினாலும் சரி, நானே குழியிலிருந்து எழும்பி வந்து பண்ணினாலும் சரி, எடுத்துப் பேசின வசனத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி வாசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஆமென் சொல்லுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. பிரசங்கம் முடியும், வாசலோரம் உட்கார்ந்திருக்கும் ஞானவடிவு எழும்புவாள், மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி வாசிப்பாள், சபை ஆமென் சொல்லும். வசனத்தைப் பாதியில் வெட்டி எடுத்துப் பேசியவர் குட்டு அந்த ஆறு வரியில் உடைந்துவிடும். அப்படி உடைந்துபோய், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் நடையைக் கட்டியவர்கள் இரண்டு பேர்.

சாப்பாட்டுக்கும் ஒரு முறை உண்டு. வந்த உபதேசியாருக்கு இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. பணக்கார வீடு, ஏழை வீடு என்று தாண்டிப் போகிற பேச்சே இல்லை.

ஓர் ஆனி மாதம் பரஞ்சோதி உபதேசியார் என்று ஒருவர் வந்தார். வெள்ளை வெளேர் என்று அங்கி. குரலோ, அடடா, அவர் பாட ஆரம்பித்தால் தொட்டில் பிள்ளைகூட அழுகையை நிறுத்தும்.

முதல் ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் ஞானவடிவு புத்தகத்தோடு எழும்பினாள். அவர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, என் பேச்சில் சந்தேகமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சபை நெளிந்தது. தண்ணீர் கேட்டவனுக்குப் பதநீர் ஊற்றுகிற ஊர் அது. விருந்தாளி முகம் கோணினால் அவர்களுக்குச் சோறு இறங்காது. பின்னாலிருந்து ஒருவர், "வந்த மனுசரை நோகடிக்கலாமா வடிவு, சுருக்கி முடி" என்றார். அவள் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது வாரம் சாப்பாட்டு முறை ஏசுவடியாளுக்கு வந்தது. ஓலைப்பாய் முடைந்து பிழைக்கிற கிழவி அவள். கூழும் சுட்ட கருவாடும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். உபதேசியார் வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஊர்த்தலைவர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டார். அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு போன ஞானவடிவு கண்ணாலேயே பார்த்தாள். சுருக்கென்றது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, பெரிய மனுசர் உட்காருகிற முன்பாயில் உட்கார வைத்தார். "இந்தச் சகோதரிக்கு உள்ளேயே வெளிச்சம் இருக்கிறது, காகிதம் எதற்கு?" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கி மூடிவைத்தார். வாசலோரத்திலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நம்மை ஒருவர் அப்படி அழைத்தால் நாமும் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அன்றைக்கு ஒரு வரிகூட வாசிக்கப்படவில்லை.

மூன்றாவது வாரம் ஊரில் காய்ச்சல் பரவியது. கிருபையும் படுத்துவிட்டாள். பக்கத்து ஊர் வைத்தியர் கஷாயமும், பூசிவிட எண்ணெயும் கொடுத்திருந்தார். இரண்டு நாளில் கொஞ்சம் தெளிச்சல் தெரிந்தது, எழும்பி உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

அந்த ஞாயிறு உபதேசியார், விசுவாசத்தோடு ஜெபித்தால் நோயாளி பிழைப்பான் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டார். உருகி உருகிப் பேசினார். கடைசியில், "மருந்தைத் தொடுகிறவன் கடவுளை நம்பாதவன்" என்று முடித்தார். ஜனங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கஷாயக் கலயங்களைக் கொண்டுவந்து கோயில் வாசலில் கவிழ்த்தார்கள். ஞானவடிவும் கவிழ்த்தாள். எண்ணெயையும் ஊற்றினாள்.

மத்தியானம் கிருபை பாயில் படுத்தபடி கேட்டாள்: "எக்கா, இன்னைக்கு மேல்வரி என்ன வாசிச்ச?"

"வாசிக்கலட்டி. ஐயா வேண்டாம்னுட்டாரு."

"எனக்கு மட்டுமாவது வாசிச்சுக் காட்டேன். அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா மனசு ஆறும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம். நீ தூங்கு."

கோயில் அவர்கள் வீட்டிலிருந்து நாற்பது காலடி தூரம். திங்கட்கிழமை அவள் போகவில்லை, செவ்வாய்க்கிழமை போகவில்லை, புதன்கிழமையும் போகவில்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முன்பாய் போய்விடும் என்று அவளுக்குப் பயம். மேல்வரியில் வேறு ஏதோ இருக்கிறது என்று அவள் மனசுக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தாள்.

வியாழக்கிழமை கிருபை செத்துப்போனாள். பதினேழு வயது.

உபதேசியார் எட்டிப் பார்த்து, "பிள்ளைக்கு விசுவாசம் பத்தவில்லை" என்றார். மறுநாள் விடிந்ததும் ஊர்த்தலைவரின் வண்டியிலேயே ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, தலைகூட முழுகாமல், ஞானவடிவு அந்த நாற்பது காலடியையும் நடந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். அந்த வசனத்துக்கு மேலே, நோய்ப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருந்தது. எண்ணெயும் ஜெபமும் ஒன்றாகவே இருந்தன. கீழே, ஒருவர் தப்பை ஒருவரிடம் ஒத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. அந்த எண்ணெய் வாசலில் மண்ணோடு மண்ணாய்க் காய்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்ய ஆளில்லை. ஞானவடிவு எழும்பி மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி வாசித்தாள். வாசித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும். கோழிக்குழம்பைப் பாத்த அன்னைக்கே தெரியும். முன்பாய்க்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். என் தங்கச்சி கேட்டா, நான் வாசிக்கல" என்றாள்.

ஏசுவடியாள் எழும்பிச் சொன்னாள்: "சுருக்கி முடின்னு சொன்னப்ப நாங்களும்தான் சும்மா இருந்தோம், தாயி."

மறு வருஷம் இன்னோர் உபதேசியார் வந்தார். கட்டைக் குரல், ஒட்டுப்போட்ட அங்கி. ஏசுவடியாள் வீட்டுக் கூழை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும், அவரே வாசலோரம் நடந்துவந்து புத்தகத்தை ஞானவடிவின் கையில் கொடுத்தார். "வாசிங்கம்மா, எங்கயாவது பிசகியிருப்பேன்" என்றார். பிசகித்தான் இருந்தார், ஓர் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தார். ஞானவடிவு திருத்தினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சபையின் முன்னால் அதை ஒத்துக்கொண்டார். சபை ஆமென் சொன்னது.

ஞானவடிவு மட்டும் சொல்லவில்லை. இவ்வளவு லேசான காரியம், ஒரு மூச்சில் வாசித்து முடிகிற ஆறு வரி. பக்கத்தில் கிருபை முன்பெல்லாம் உட்காருகிற இடத்தில் புத்தகத்தை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: மெய்யான போதகர் தம் சொல்லை வேதத்தோடு ஒத்துப் பார்க்கத் தாமே கேட்பார், ஒத்துப் பார்க்க விடாதவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அவர் பொய்ப் போதகர், அதை அறிந்தவர் அன்றைக்கே வாய் திறக்க வேண்டும்.