சித்திரை வெயிலில் ஒரு கம்பளி

இது நான் நேரில் பார்த்த கதை அல்ல. என்னோடு வேலை பார்க்கும் செண்பகம் சொன்னது. செண்பகத்துக்கு அவருடைய அப்பா குத்தாலிங்கம் சொன்னது. கேட்டபடியே எழுதியிருக்கிறேன். இடையில் ஒரு சொல் இரண்டு சொல் மாறியிருக்கலாம்.

குத்தாலிங்கம் நீதிமன்றத்தில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி வரும்போது முன்னால் நடப்பதும், சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுவதும், கூட்டத்தில் யாராவது சிரித்தால் ஒரே பார்வையில் அடக்குவதும் அவர் வேலை. மனைவி வடிவு இறந்த பிறகு வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடத்தில் போய்ச் சேர்ந்தார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஒரு வருடம் இருந்து பாருங்கள், பிடித்தால் வைகாசி குருபூசையில் காவி வாங்கிக்கொள்ளலாம் என்று சாமி சொல்லியிருந்தார்.

குத்தாலிங்கத்துக்குப் பிடித்திருந்தது. விடியற்காலைக் குளியலும் தோட்ட வேலையும் மதியச் சோறும் பிடித்திருந்தன. இனி வேறு எங்கும் போக அவருக்கு மனமில்லை.

சாயங்காலப் பூசையில்தான் சிக்கல்.

அங்கே சங்கு ஊதுபவர் கைலாசம். முன்பற்கள் விழுந்துவிட்டன. காதும் மந்தம். சாமிக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பார். கற்பூரம் ஏற்றியதும் கண்ணை மூடிக்கொண்டு கன்னம் உப்ப ஊதுவார். சத்தம் சங்காகத்தான் தொடங்கும். பாதியில் பசியெடுத்த கன்றுக்குட்டி ஆகிவிடும். கடைசியில் ஒரு சின்ன விசில். ஊதி முடித்ததும் கைலாசம் கண்ணைத் திறந்து, எப்படி இருந்தது என்று கேட்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

குத்தாலிங்கம் சத்தத்தைக்கூடத் தாங்கிவிடுவார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியாது.

பங்குனியில் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இருமல் மாதிரி மாற்றிப் பார்த்தார். கைலாசத்தைத் தவிர யாரும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து கைலாசம் அவருக்குத் தினமும் மிளகுக் கஷாயம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கக் குடிக்கக் குத்தாலிங்கத்துக்குச் சங்கடம் கூடியது. மடத்துச் சமையல்காரர் வேறு, எத்தனை பேரை அமைதி அமைதி என்று அதட்டியிருப்பீர், உம்மை நீரே ஒரு தடவை அதட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேலி செய்தார்.

பெரிய தம்பிரான் கேலி செய்யவில்லை. மடத்தில் சாமிக்கு அடுத்தவர் அவர். குத்தாலிங்கத்தைத் தனியே அழைத்துப் போனார்.

"சாமியைப் பாத்தீரா? இந்த வேக்காட்டுல கம்பளியைப் போத்திக்கிட்டு ஆடாம அசையாம இருக்காரு. அது தவம். நீரு இளிக்கீரு."

அவர் சொன்னது உண்மைதான். சாமி கூட்டத்துக்கு முதுகு காட்டி, சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலப் பூசைக்கு மட்டும், எந்த வெயிலிலும், தோள் மறைய ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்வார். அது ஏதோ விரதம் என்று மடத்தில் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு தடவை சிரித்தால் குருபூசைக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று தம்பிரான் சொல்லிவிட்டார்.

சித்திரை பிறந்தது. குத்தாலிங்கம் சாமியைத் தேடிப் போனார். சாமி தோட்டத்து நிழலில் உட்கார்ந்து, பூசைக்கு வில்வம் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"சாமி, சிரிப்பை அடக்க ஒரு வழி சொல்லணும்."

"இதுவரைக்கும் என்ன செய்து பாத்தீங்க?"

நாக்கைக் கடித்துப் பார்த்ததையும், ஒரு கால் விரலை மறு காலால் மிதித்துப் பார்த்ததையும், தலையைத் தூக்காமல் தரையையே பார்த்து உட்கார்ந்ததையும் சொன்னார்.

"எதுக்கும் கேக்கலைன்னா, வடிவு செத்த அன்னைக்குக் காலையை நெனச்சிக்கிடுவேன்."

"நிக்குதா?"

"அதுல பெரும்பாலும் நின்னுரும் சாமி."

சாமியின் கை நின்றது.

"அப்போ தினமும் சாயங்காலம் அந்த அம்மா ஒரு தடவை சாகுதாங்க."

குத்தாலிங்கம் கீழே உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். சங்கு ஊத வேறு ஆள் வைத்தால் என்ன என்று தயங்கிக் கேட்டார்.

"வைக்கலாம். கைலாசத்துகிட்ட நீங்க போய்ச் சொல்லுதீங்களா?"

ஊதி முடித்துக் கண்ணைத் திறக்கும் அந்த முகம் குத்தாலிங்கத்துக்கு நினைவு வந்தது. கஷாயத் தம்ளரும் நினைவு வந்தது.

"என்னால ஆகாது சாமி."

"என்னாலயும் ஆகலை."

கூடை நிறைந்துவிட்டது. சாமி எழுந்திருக்கவில்லை.

"அந்த அம்மா சிரிப்பாங்களா?"

"அவளா? எங்க கல்யாணத்துலயே சிரிச்சா சாமி. மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்த ஐயரு, தாலியை எடுத்துக் குடுக்கிற நேரம் பாத்துத் தும்மினாரு. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்காங்க. இவ மணவறையில உக்காந்து சிரிக்கா. நான் முறைச்சேன். கூடக் கொஞ்சம் சிரிச்சா. கழுத்து ஆடின ஆட்டத்துல எனக்கு முடிச்சே விழலை. மூணு முடிச்சும் எங்க அக்காதான் போட்டா."

சொல்லும்போதே குத்தாலிங்கம் சிரித்துவிட்டார். மேல்துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இனிமே அதை நெனச்சிக்கிடுங்க."

"அதை நெனச்சா இன்னும்லா சிரிப்பு வரும் சாமி."

சாமி எழுந்து உள்ளே போனார். தன் கம்பளியை எடுத்துவந்து குத்தாலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் இதைப் போத்திக்கிடுங்க."

விரதத்துக்கு உரிய கம்பளியைத் தான் தொடலாமா என்று குத்தாலிங்கத்துக்குப் பயமாக இருந்தது. பயத்தோடுதான் பிரித்துப் பார்த்தார். கம்பளி நன்றாகவே இருந்தது. ஒரு முனை மட்டும் நைந்து நூல்நூலாகத் தொங்கியது. அதில் பல் பதிந்த தடம் இருந்தது.

குத்தாலிங்கம் நிமிர்ந்து சாமியைப் பார்த்தார். சாமி வில்வக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ சாமிக்கு?"

"பழசு ஒண்ணு கிடக்கு. அதுலயும் முனை போயிட்டு. குருபூசைக்குப் புதுசா ரெண்டு வாங்கிருவோம்."

செண்பகம் சொன்னது இவ்வளவுதான். அந்த வைகாசியில் அப்பா காவி வாங்கினார் என்றும் சொன்னார்.

போன சித்திரையில் நான் அந்த மடத்துக்குப் போய்ச் சாயங்காலப் பூசையில் உட்கார்ந்தேன். சங்கு செண்பகம் சொன்னபடியேதான் ஒலித்தது. ஆனால் கம்பளி போர்த்தியிருந்தவர்கள் இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். மூன்றாமவர் பெரிய தம்பிரான். பூசை முடிந்து அவர் தன் கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டுப் போன பிறகு, பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முனை நைந்திருந்தது.