மீன் தொட்டிக்கு வாட்டம் பார்த்த கதை

எங்கள் ஊரில் தரை போட வேண்டுமென்றால் மாசானம், இசக்கி, சுடலை என்ற மூன்று கொத்தனார்களைத்தான் கூப்பிடுவோம். அண்ணன் தம்பிகள். கைவேலை சுத்தமாக இருக்கும். மூளையில்தான் கொஞ்சம் பூச்சு வேலை பாக்கி.

மூத்தவன் மாசானத்தின் பெண்சாதி பொன்னுத்தாய்க்கு மீன் வளர்க்க ஆசை. கண்ணாடித் தொட்டி ஒன்றும் இரண்டு தங்கமீனும் வாங்கி வந்தாள். மீனை வாளியில் விட்டுவிட்டு, அம்மா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "ஏங்க, நான் வர்றதுக்குள்ள தொட்டிக்கு நல்ல தரையாப் போட்டு வைங்க. மீனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டோடயே இருந்துக்கிடுவேன்."

அவள் இல்லாவிட்டால் மாசானத்துக்குச் சோறே இறங்காது, பாவம்.

மூவரும் மீன் கடைக்கு ஓடினார்கள். தங்கமீன் தரையைக் கிளறி மேயும், சின்னச் சரளை வாயில் மாட்டிக்கொள்ளும் என்றார் கடைக்கார அண்ணாச்சி. நைசான ஆற்று மணல் போடுங்கள், இல்லையென்றால் வாய்க்குள் போகாத கூழாங்கல் போடுங்கள், எதுவானாலும் கலங்கல் போகும்வரை கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மணலை ஓடுகிற வாய்க்காலில் கொட்டிக் கழுவினார்கள். கலங்கல் போனது. மணலும் போனது. அவ்வளவும் அழுக்காகத்தான் இருந்திருக்கிறது என்று இசக்கி வருத்தப்பட்டான்.

அடுத்து கூழாங்கல். ஒவ்வொரு கல்லாக மீன் வாயில் திணித்துப் பார்ப்பது பாவமில்லையா? அதனால் சுடலை தன் வாயில் திணித்துப் பார்த்தான். உள்ளே போனதெல்லாம் தள்ளுபடி. சாயங்காலத்துக்குள் அவன் தாடை வீங்கிவிட்டது. ஆனாலும் தேங்காய் அளவில் ஏழெட்டுக் கல் தேறின.

கல்லைப் பரப்பி ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்த மாசானம் முகம் சுளித்தான்.

"ஏலே, வாட்டம் இல்லியே. தண்ணி தேங்கிரும்லா?"

"மீன் தொட்டில தண்ணி தேங்கணும்லா அண்ணே?" என்றான் சுடலை, வீங்கிய வாயால்.

"தேங்கினா ஊர்க்காரன் யாரைக் குறை சொல்லுவான்? தரை போட்டவனைத்தான சொல்லுவான்."

கல்லை ஒரு பக்கமாகச் சரித்து, தாழ்ந்த மூலையில் கண்ணாடியைத் துளைத்து, குழாயும் மாட்டினார்கள். பிறகு ஒரு குடம் ஊற்றினார்கள். ஒரு சொட்டு நிற்கவில்லை. மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் மீனை விடத் தண்ணீர் வேண்டுமே. குடம் குடமாக ஊற்றினார்கள். தொட்டி காய்ந்தபடியே இருந்தது. வீட்டுக்குள்தான் கணுக்கால் அளவு ஏறியது. இந்த வீட்டுத் தரை வேறு கொத்தனார் போட்டது, வாட்டம் பார்க்காத பயல் என்று இசக்கி திட்டித் தீர்த்தான். மாசானம் மட்டும் தொட்டியையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவன் முகம் தெளிந்தது.

மறுநாள் காலை பொன்னுத்தாய் வந்து வாசற்படியில் கால் வைத்தாள். மாசானம் சளக் சளக்கென்று ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து வா புள்ள, மீனை மிதிச்சிராத. உன் சேலையெல்லாம் பத்திரமா தொட்டிக்குள்ள அடுக்கியாச்சு. அதுலதான் ஈரமே இல்ல."