கரித்தூள் போன வழி

இருதயராஜுக்கு வயது நாற்பத்தாறு. குழாய்த் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். அவருடைய பேராசிரியை மெஹருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர்.

இருதயராஜ் செய்ய நினைத்தது ஒரு செருப்பின் அடிப்பாகம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் எதையாவது மிதித்தால் அது உடனே காட்டிக்கொடுக்க வேண்டும். அவருடைய அண்ணன், ஆணி குத்தியது தெரியாமலே நடந்து காலை இழந்தவர்.

அதற்கு மின்சாரம் ஓடும் பிளாஸ்டிக் வேண்டும். அது வளையவும் வேண்டும். ஒன்றோடொன்று சேராத இரண்டு பிளாஸ்டிக்குகளை உருக்கி, நானோ கரித்தூளைக் கலந்து பார்த்தார். தூள் குறைந்தால் மின்சாரம் ஓடவில்லை. கூடினால் ஓடியது, ஆனால் வளைத்ததும் படக்கென்று ஒடிந்தது.

“எவ்வளவு போட்டா சரியா வரும் மேடம்?”

மெஹருன்னிசா தூள் டப்பாவைத் திறந்தார். இருதயராஜ் வழக்கமாகப் போடும் அளவில் கால்வாசியை மட்டும் எடுத்தார். உருகிய முதல் பிளாஸ்டிக்கில் கொட்டினார்.

இருதயராஜ் பதறினார். “மேடம், தூளுக்கு அது ஆகாது. ரெண்டாவதுதான் பிடிக்கும்!”

“தெரியும் சார்.”

கலவை இயந்திரம் சுற்றியது. பிறகு இரண்டாவதைப் போட்டார்.

“இப்ப தூள் அதைப் பார்த்து ஓடும்,” என்றவர், சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார்.

“இன்னும் கலக்கணுமே?”

“போதும். ஷீட்டா அழுத்துங்க.”

ஷீட் ஆறும்வரை இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. வாயால் ஊதினார். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே அதைக் கம்பிகளால் பொருத்தினார்.

சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

வளைத்தார். எரிந்தது. முறுக்கினார். எரிந்தது. தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தார். விளக்கு மங்கி, காலை எடுத்ததும் மறுபடி பளிச்சிட்டது.

“மேடம்! மிதிச்சா தெரியுது மேடம்!”

பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்.

“அண்ணே, எரியுதுண்ணே!”

“ஐயோ, என்னடா எரியுது?”

மறுநாள் காலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். தூள் முதல் பிளாஸ்டிக்கிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு முழுக்க, மை தீட்டினாற்போல, எங்கும் விட்டுப்போகாத ஒரே கோடாகப் படிந்திருந்தது; மின்சாரம் ஓட அந்தக் கோடே போதும்.

இருதயராஜ் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தா மேடம்?”

“தூள் தனக்குப் பிடிச்ச ரெண்டாவதுக்குள்ள போய்ப் பரவியிருக்கும்.”

“நல்லதுதானே?”

“தூளுக்கு நல்லதுதான்,” என்றார் மெஹருன்னிசா. “விளக்குதான் எரிஞ்சிருக்காது.”