ராமாத்தாளின் நடுவீடு

உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். கதை சின்னதுதான், பதில் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

திருப்பூரில் ராமாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தபோது அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடம்பைக் கொண்டுவந்தால், வீட்டு முதலாளி வாசலை மறித்து நின்றுவிட்டான். "உள்ள பொணத்தைக் கெடத்துனா நாளைக்கு எவன் குடி வருவான்?" என்றான். சந்தில் ஒரு பெஞ்சைப் போட்டுக் கிடத்தினார்கள். தூறல் விழுந்தது. ராமாத்தாள் தன் முந்தானையை அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான். தன் அப்பா கொடுத்த காட்டு நிலத்தை விற்றுப் பணத்தை மகள் வசந்தாமணி, மகன் தண்டபாணி இருவர் கையிலும் வைத்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு ஊடு வாங்குங்க கண்ணு. இருக்கற வரைக்கும் நான் எந்த மூலையில வேணாலும் படுத்துக்கறேன். செத்தன்னைக்கு மட்டும் என்னை நடுவூட்டுல கெடத்தோணும்."

இரண்டு பேரும் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

பணம் போதாமல் மீதிக்கு பேங்கில் கடன் வாங்கினார்கள். கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. மேலே போக வெளிப்பக்கம் ஒரு இரும்புப் படி, திருகித் திருகி ஏறும். பீரோவையே கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்கள். வசந்தாமணி பல்லடத்தில் புருஷன் வீட்டில் இருந்தாள். தவணை கட்ட முடியாமல் தண்டபாணி அம்மாவோடு மேலே போய்விட்டு, கீழ் வீட்டை வாடகைக்கு விட்டான்.

குடி வந்தவர்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். காளிராஜுக்கு பனியன் கம்பெனியில் வேலை. அவன் மனைவி மாரீஸ்வரி வாயும் வயிறுமாக இருந்தாள். போன இடமெல்லாம், பிள்ளை பெற்றுவிட்டு வாருங்கள், தீட்டு எங்கள் வீட்டில் வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். ராமாத்தாள்தான் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மாரீஸ்வரி அம்மா இல்லாத பெண். வாய் திறக்கவே கூச்சப்படுவாள். ராமாத்தாள் தினமும் கீழே வந்து அவளோடு உட்கார்ந்திருப்பாள். "நான் பொணமாக் கெடக்கோணும்னு வாங்குன ஊட்டுல மொதல்ல புள்ள பொறக்குது பாரு" என்று சிரிப்பாள்.

ஒருநாள் மாரீஸ்வரி கேட்டாள். "ஆத்தா, பிள்ள ராத்திரியெல்லாம் அழுதா காலி பண்ணச் சொல்லிருவாகளா?"

"எவ சொல்லுவா? உம் புள்ள எந்திரிச்சு நடக்கற வரைக்கும் இந்த ஊட்டை விட்டு உன்னை யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன், போதுமா?"

அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

மாரீஸ்வரிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளைக்குப் பேர் வைப்பதற்குள் ராமாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. உச்சி வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது.

வசந்தாமணி முதலில் இறங்கி வந்தாள். "ஏம்மிணி, எங்கம்மா காசுல வாங்குன ஊடு இது. இன்னிக்கு ஒரு பொழுது எங்காச்சும் போய் இரு."

"வயித்துல தையலோட அவ எங்க போவாக்கா?" என்றான் தண்டபாணி. "அவளாலயும் மேல ஏற முடியாது, அம்மாவையும் அந்தப் படியில ஏத்த முடியாது. அம்மாவை வாசல்லயே கெடத்திக்கலாம்."

"அப்பனையும் சந்துல போட்டோம். அம்மாளையும் சந்துலயே போடு, போ."

காளிராஜ் வாசல் நிலையைப் பிடித்துக் குறுக்கே நின்றான். "வாடகை குடுக்கோம்லா. சாவுக் காத்து பச்சப் பிள்ளைக்கு ஆகாதுண்ணே. உள்ள விட மாட்டேன்."

தெருவில் ஒரு வீட்டிலிருந்தும், இங்கே வந்து இரு என்று பிள்ளை பெற்றவளை யாரும் கூப்பிடவில்லை.

மாரீஸ்வரி உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆத்தா சொன்னதை இப்போது சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள், ஆனால் ஆத்தா சந்தில் கிடப்பாள். சொல்லாமல் எழுந்து போனால் ஆத்தா சொன்னது பொய்யாகிப் போகும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையை எடுத்துச் சமையல்கட்டில் கிடத்தினாள். வந்து புருஷன் கையை நிலையிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள்.

"ஆத்தாவைக் கொண்டாங்க. நான் எங்கயும் போகல."

வசந்தாமணியே ஒரு அடி பின்னால் போனாள். "புள்ளைய உள்ள வெச்சுக்கிட்டா?"

மாரீஸ்வரி கதவோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

ராமாத்தாளை நடுவீட்டில் கிடத்தினார்கள். சமையல்கட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு மாரீஸ்வரி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வெளியே ஒப்பாரி ஏறும்போதெல்லாம் பிள்ளை திடுக்கிட்டது, அவள் அதன் காதைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாய, ராமாத்தாள் தன் சொந்த வாசற்படியைத் தாண்டிப் போனாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காளிராஜுக்குத்தான் மனசு ஆறவில்லை. "என் பிள்ளைய விட உனக்குப் பொணம் பெருசாப் போச்சு" என்றான். காரியம் முடிந்த மறுநாள் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். தண்டபாணி போக வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். காளிராஜ் மனைவியைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னான்.

"எந்திரி."

செய்த சத்தியத்தை நிறைவேற்றக் கேட்டாள் மகள். பிள்ளை பெற்றவளுக்காகச் சத்தியத்தை விடத் துணிந்தான் மகன். தன் பிள்ளையைக் காக்க வாசலை மறித்தான் காளிராஜ். பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள் மாரீஸ்வரி. நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

பதில்: மகளுக்குத் தெரிந்தது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அம்மா மாரீஸ்வரிக்குக் கொடுத்த வாக்கு மகனுக்குத் தெரியாது, தெரியாமலே அதைக் காக்கப் பார்த்தான். காளிராஜுக்கு இரண்டும் தெரியாது, அவன் தகப்பன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வாக்கையும் அறிந்தவள் மாரீஸ்வரி ஒருத்திதான். ஒன்றையும் பொய்யாக்காமல், பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தைத் தானே சுமந்தாள். அதனால் அவள் செய்ததுதான் சரி. ஆனாலும் அவள் பிள்ளை நடந்தது வேறொரு வாடகை வீட்டில். அங்கே குடி போகும்போது வீட்டு முதலாளி முதலில் கேட்டது, உங்களோடு வயசானவர்கள் யாரும் இருக்கிறார்களா என்றுதான். மாரீஸ்வரி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இல்லைங்க" என்றாள்.