குண்டுமணிக் கண் யாருடையது?

பறவையும் மிருகமும் பேசிக்கொண்டு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்தக் காலத்தில், சுண்டெலிக்குக் கண் எவ்வளவு பெரிசு தெரியுமா? அகல் விளக்கு மாதிரி இருக்கும். வயலின் இந்தக் கோடியில் நின்றால், அந்தக் கோடியில் பாம்பு தலை தூக்குவது தெரியும். பிள்ளைகளை வளைக்குள் அனுப்பிவிட்டு நிதானமாகத் தானும் போவான்.

குண்டுமணிக் கண் ஆந்தைக்குத்தான் இருந்தது. சின்னதாய், உருண்டையாய், மினுமினுவென்று. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், "மாப்பிள்ளை முழியே சரியில்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு நாள் அவன் சுண்டெலியின் வளைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். உங்க கண்ணை இரவல் கொடுங்க. தாலி கட்டின கையோட கொண்டுவந்து தந்துடறேன். அதுவரைக்கும் என் கண்ணை வச்சுக்குங்க."

சுண்டெலியின் பெண்சாதி குறுக்கே வந்தாள். "நகை இரவல் கேப்பாங்க, பட்டு வேட்டி கேப்பாங்க. கண்ணையா கேப்பாங்க? கொடுக்காதீங்க!"

"சும்மா இரு புள்ள. நல்ல காரியத்துக்குக் கேட்டு வந்தவன்கிட்ட இல்லைன்னு சொல்லலாமா?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டான், அந்த அப்பாவி!

கல்யாணம் முடிந்தது. மறுவீடும் முடிந்தது. ஆந்தை வரவே இல்லை. அதற்குள் சுண்டெலியின் மூத்த பிள்ளையைப் பாம்பு கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் வரும்வரை இவனுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே ஆந்தையின் மாமனார் வீட்டுக்கு ஓடினான்.

"தம்பி, என் கண்ணைக் கொடுத்துடு. மிச்சப் பிள்ளைங்களையாவது காப்பாத்திக்கிறேன்."

சம்பந்திகள் முன்னால் அந்தப் படுபாவி என்ன சொன்னான் தெரியுமா? "யாருய்யா நீ? மாமா, இவன் முழியைப் பாருங்க. திருட்டு முழி!"

நாக்கு அழுகிப் போகாதா அவனுக்கு?

மாமனார் குனிந்து பார்த்தார். மினுமினுவென்று இருந்தது. "களவாணிப் பயதான் மாப்பிள்ளை" என்று விரட்டிவிட்டார். ஒருத்தராவது விசாரிக்க வேண்டாமா? கண்ணைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

சுண்டெலி விடவில்லை. சந்தையிலும் கோயில் வாசலிலும் ஆந்தையை மறித்து, "என் கண்ணைக் கொடு" என்று கேட்டான். ஆந்தைக்குப் பகலில் தலைகாட்ட முடியவில்லை. கேட்கிற வாயை ஒரேயடியாக அடைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தான். இருட்டியதும் கிளம்பினான். இரவல் வாங்கிய கண்ணாலேயே, கொடுத்தவனைத் தேடிப் பிடித்துத் தின்றான். பிள்ளைகளும் கேட்பார்களே என்று அவர்களையும் தேடுகிறான். எங்கேயாவது அடுக்குமா இது?

அன்று முதல்தான் சுண்டெலிக்குக் குண்டுமணிக் கண். நாமும் கூசாமல், யாராவது சின்னக் கண்ணை உருட்டினால், "எலி மாதிரி திருட்டு முழி முழிக்கிறான்" என்கிறோம். திருடனுடைய முழிதான் ஐயா அது, யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் திருடன் மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறான்.